அக்கரைப் பேயத்தியின் மேல் ஒரு வழக்கு

செம்பன் மினுக்கியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அக்கரைப் பேயத்தி மரத்தில்தான். ஒரு பச்சைக் காயின் வாய்க்குள் தலையை நுழைத்து, பின்னங்கால்களால் உந்திக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் போ! இறகு பிய்ஞ்சிடும்!" என்று கத்தினான் செம்பன்.

"பிய்ஞ்சா பிய்யட்டும் மாமா! உள்ளேருந்து என்ன வாசனை வருது தெரியுமா!"

அவ்வளவுதான். அவள் உள்ளே போய்விட்டாள். காயின் வாயில் இரண்டு இறகுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

செம்பன் ஒரு குக்குறுவான் பறவை. பச்சை உடம்பு, நெற்றியில் சிவப்புப் பட்டை. காட்டோடையின் இக்கரையில் ஒரு பேயத்தி மரம், அக்கரையில் ஒரு பேயத்தி மரம். இக்கரை மரத்தின் பட்ட கிளையில் பொந்து குடைந்து, மனைவி செவ்வியோடு குடியிருந்தான்.

மினுக்கி ஓர் அத்திக் குளவி. எள்ளில் பாதிகூட இருக்கமாட்டாள். அவள் கூட்டமெல்லாம் இக்கரை மரத்துக் காய்களுக்குள்ளே பிறக்கும். பிறந்த காயின் பூந்தூளை மார்பில் அள்ளிக்கொண்டு வெளியே வரும். அன்றைக்கே இன்னொரு காயைத் தேடி நுழைந்துவிடும். செம்பனின் அலகுக்கு அவை ஒரு வாய்க்குக் காணாது. அதனால் அவர்களுக்குள் சிநேகம் நன்றாகவே இருந்தது.

சில வாரம் போயிற்று. இக்கரை மரத்தில் காய்கள் துளை விட்டன. புதுக் குளவிகள் புகைபோலக் கிளம்பின. "மாமா! மாமா!" என்று செம்பனைச் சுற்றி ஒரே கூச்சல்.

அக்கரை மரத்திலிருந்து ஒரு குளவிகூட வரவில்லை.

செம்பனுக்குத் தூக்கம் போய்விட்டது. "அங்கே போனவங்க பிள்ளைங்க எங்கே?" என்று செவ்வியைக் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? முட்டை வைக்கிற நேரம் எனக்கு. நீங்க பஞ்சாயத்துக்குப் போகாம இருந்தா சரி" என்றாள் அவள்.

அவன் அக்கரைக்குப் பறந்தான். இறகு ஒட்டியிருந்த அந்தக் காயைக் கண்டுபிடித்துக் கொத்திப் பிளந்தான். உள்ளே மினுக்கி செத்துக் கிடந்தாள். பக்கத்தில் முட்டையில்லை, புழுவில்லை, மகள் என்று ஒன்றுமில்லை. காய் முழுக்கக் குட்டிக் குட்டி விதைகள்தான்.

"ஐயையோ, கொலை!" என்று அலறினான்.

முதலில் அவன் பார்வை ஓணான் கரடன் மேல் விழுந்தது. கரடன் அந்த மரத்தின் அடியில்தான் எப்போதும் படுத்திருப்பான்.

"நீதானே தின்னே?"

"காய்க்குள்ளே கிடக்கிற பிணத்தை வெளியே இருக்கிற நான் எப்படியப்பா தின்னேன்? தின்னா அது எப்படிப்பா அங்கே கிடக்கும்?" என்றான் கரடன்.

"தலையாட்டிக்கிட்டே பேசறியே, அதுதான் சந்தேகம்!"

"எங்க தாத்தா காலத்திலேருந்து தலையாட்டறோம்!"

பொழுது சாயும் நேரத்தில் செம்பன் எல்லாரையும் கூட்டினான். முசுறுகள் வந்தன. இலையோடு இலை தைத்துக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்புகளுக்கு அழைப்பே தேவையில்லை, கூட்டம் என்றால் வந்துவிடும். பழந்தின்னி வௌவால் தொங்கலனும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.

"இக்கரை மரம் குளவிகளைப் பெத்து வளர்க்குது. அக்கரை மரம் கூப்பிட்டுக் கொல்லுது. ரெண்டுக்கும் ஒரே இலை, ஒரே காய், ஒரே வாசனை! வேஷம் போட்டு ஏமாத்துது!" என்றான் செம்பன்.

தொங்கலன் கொட்டாவி விட்டான். "அண்ணே, நான் பல ஆறு தாண்டிப் போய் வரவன். எங்கே போனாலும் பேயத்தி ரெண்டு விதம்தான். ஒண்ணு பூச்சி வளர்த்துப் பூந்தூள் கொடுத்தனுப்பும். இன்னொண்ணு அந்தத் தூளை வாங்கி விதை பிடிக்கும், பழம் பழுக்கும். ஆலமரமும் அரசமரமும் ரெண்டு வேலையையும் ஒரே பழத்துக்குள்ளே பார்க்குது. பேயத்தி என்னைக்கோ பாகம் பிரிச்சுக்கிச்சு."

"பாகம் பிரிச்சவன் சாவை மட்டும் ஒரு பக்கத்துக்கு வைப்பானா?"

"கேளுண்ணே! அந்தப் பழத்து விதையைத்தான் நாங்க கொண்டுபோய்ப் போடறோம். ஒரே பழத்து விதையில பாதி இப்படி முளைக்குது, பாதி அப்படி முளைக்குது. பூக்கிறவரைக்கும் எது எதுன்னு தெரியாது. நீ குடியிருக்கிற மரமும் அந்த மாதிரி ஒரு பழ மரத்தோட பிள்ளைதான்!"

கூட்டம் சலசலத்தது. செம்பன் தலையைச் சாய்த்து வௌவாலைப் பார்த்தான்.

"அக்கரைப் பழத்தைத் தினமும் தின்கிறது யாரு?"

"நான்தான். ஏன், நீயும்தான் தின்கிறே!"

"பார்த்தீங்களா! தின்கிறவன் சாட்சி சொல்றான்! கொலையில இவனுக்கும் பங்கு இருக்கு!"

தொங்கலன் கிளையிலிருந்து பிடியை விட்டான். இறக்கையை விரித்துப் போய்விட்டான். அவன் போனதே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி என்று செம்பன் எல்லாரிடமும் சொன்னான்.

தீர்ப்பு ஆயிற்று. அக்கரை மரத்துக்கு முசுறுகள் காவல். ஒரு குளவியும் அங்கே எந்தக் காய்க்குள்ளும் நுழையக் கூடாது.

செவ்வி பொந்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நம்ம மரத்துக் காய் வாயிலேயும்தான் இறகு ஒட்டியிருக்கு. இங்கே நுழைஞ்ச தாய்ங்களும் வெளியே வரலையே?"

"அது வேற!" என்றான் செம்பன்.

"எப்படி வேற?"

"இது நம்ம மரம்!"

முசுறுகள் அன்றைக்கே குடிபெயர்ந்தன. கிளைக்குக் கிளை இலை தைத்தன. காய்க்குக் காய் வாயில் நின்றன. செம்பன் நிம்மதியாகத் தூங்கினான்.

செவ்வி முட்டை வைத்தாள், அடைகாத்தாள். மூன்று குஞ்சுகள் பொரிந்தன. மூன்றும் வாயைத் திறந்தபடியே இருந்தன.

செம்பன் பழத்துக்கு அக்கரை போனான். பழம் இல்லை. பழுக்க வேண்டிய காய்களெல்லாம் வெம்பி உதிர்ந்து ஓடையோரம் கிடந்தன. ஒன்றைப் பிளந்தான். பிணம் இல்லை. விதையும் இல்லை. உள்ளே வெறும் சக்கை. இன்னொன்று, இன்னொன்று என்று பிளந்தான். எல்லாம் சக்கை.

இக்கரை மரத்தில் காய்கள் இருந்தன. ஒன்றைக் கொண்டுபோய் ஊட்டினான். உள்ளே முழுக்கப் பூச்சிக் கூடும் தூசியும். குஞ்சு துப்பிவிட்டது.

அப்போதுதான் அவனுக்கு மினுக்கியின் காய் நினைவுக்கு வந்தது. அவள் கிடந்த இடத்தைச் சுற்றி அத்தனை விதை இருந்ததே! அன்றைக்கு அவன் கண்ணுக்குப் பிணம் ஒன்றுதான் தெரிந்தது.

முசுறுகளின் தலைவியிடம் ஓடினான். அங்கே ஒரு முசுறு ஒரு குளவியை வாயில் கவ்விக்கொண்டு கூட்டுக்குள் போவதைப் பார்த்தான்.

"காப்பாத்தச் சொன்னா தின்கிறீங்களே!"

"உள்ளே போய்ச் சாகக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? ஒண்ணுகூட உள்ளே சாகலையே!" என்றாள் தலைவி.

"காவல் போதும். கிளம்புங்க!"

"கிளம்பறதா? பிள்ளைகுட்டியெல்லாம் இங்கேதான் இருக்கு. இது இப்போ எங்க வீடு!"

அன்று முதல் செம்பன் ஓடைக்கு அப்பால் தூரத்து ஆற்றையும் தாண்டி ஓர் ஆலமரத்துக்குப் போய் இரை கொண்டுவந்தான். போய்வருவதற்குள் பொழுது போய்விடும். கடைக்குட்டி முதலில் இறந்தது. அதற்கடுத்தது இரண்டு நாள் கழித்து. செவ்வி அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அக்கரை மரம் மறுபடி பிஞ்சு விட்டது. ஓடைப் பக்கம் நீண்ட ஒரு கிளையை மட்டும் செம்பன் தேர்ந்தெடுத்தான். விடிந்ததும் போய் அதில் உட்கார்ந்தான். ஏறி வந்த முசுறுகளை ஒவ்வொன்றாகக் கொத்தி ஓடையில் எறிந்தான். கண் இமை, கால், அலகின் ஓரம் என்று எல்லா இடமும் கடித்தன. அவன் நகரவில்லை.

கரடன் கீழேயிருந்து பார்த்தான். "என்னப்பா, கொலைகார மரத்துக்கு நீயே காவலா?"

"வா, வந்து நாலு எறும்பைப் பிடி. அப்புறம் கேலி பண்ணு."

கரடன் தலையை ஆட்டிக்கொண்டே ஏறி வந்தான். எறும்பென்றால் அவனுக்குக் கசக்கவா செய்யும்?

வெயில் ஏறியதும் குளவிகள் வந்தன. அவற்றில் ஒருத்தி செம்பனின் அலகுக்கு எதிரே பறந்து நின்றாள். "மாமா! இது நல்ல மரம்தானே?"

செம்பனுக்குப் பொய் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

"இங்கே போனா வெளியே வரமாட்டே. எந்த மரத்துக்குப் போனாலும் வரமாட்டே. ஆனா அங்கே, நீ பிறந்த மரத்துல, உனக்குப் பிள்ளை பிறக்கும், இங்கே பிறக்காது. இங்கே விதைதான் பிடிக்கும். அந்த விதையில முளைக்கிற மரத்துல உன் கூட்டத்துப் பிள்ளைங்க பிறக்கும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"எனக்கு ரெண்டும் ஒரே வாசனைதான் மாமா. கூப்பிடுது, போறேன். வழியை விடுங்க!"

அவன் கிளையில் ஓரமாக நகர்ந்து வழி விட்டான். அவள் போனாள். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

வைகாசியில் அந்த ஒரு கிளை பழுத்தது. மற்ற கிளைகளில் இன்னும் முசுறுதான். பொந்தில் மூன்றில் மிஞ்சிய அந்த ஒரு குஞ்சு இருக்கிறது.

செத்ததை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவன், பிறக்க வேண்டியதையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறான்.