மண்டபத்தில் ஓடிய ஆறு

வேதமாணிக்கம் விரைவில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போகிறவர். அதற்கு முன் இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியை அங்கயற்கண்ணியிடம் தொழில் கற்று வரும்படி அவரை அனுப்பியிருந்தார்கள். அங்கயற்கண்ணி அவரைவிட இளையவர். அதில் வேதமாணிக்கத்துக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

அங்கயற்கண்ணியின் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுக்கொரு முறை தாளாளர் வந்து மண்டபத்தில் அமர்ந்து கேள்வி கேட்பார். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறி, கை கட்டி, அசையாமல் நின்று பதில் சொல்ல வேண்டும்.

ஆறாம் வகுப்பு ஜெசிந்தாவுக்கு நடந்தால்தான் பாடம் நினைவுக்கு வரும். நிற்க வைத்தால் வாய் திறக்காது. போன ஆண்டு அப்படியே நின்றுவிட்டாள். "அடுத்த தடவையும் இப்படின்னா டிசி கொடுத்திருங்க" என்று தாளாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அவளை நடக்க விடலாம்னு பார்க்கிறேன்" என்றார் அங்கயற்கண்ணி.

கையை ஆட்டாமல் பேச வராத வேதமாணிக்கம் இரண்டு கைகளையும் விரித்தார். "அதெப்படி டீச்சர்? ஒரு பிள்ளைக்கு மட்டும் சலுகை கொடுத்தா, மத்த பிள்ளைங்களுக்கு அது அநியாயம் இல்லையா?"

அங்கயற்கண்ணி யோசித்தார்.

"நாளைக்குத் தாளாளர் வர்ற நிகழ்ச்சியை நீங்களே நடத்துங்க, சார். அவ விஷயத்தையும் நீங்களே முடிவு பண்ணுங்க. வரவேற்புரையும் உங்களோடதுதான்."

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. வேதமாணிக்கம் ஒலிபெருக்கி முன் வந்தார். அங்கயற்கண்ணி அருகில் வந்து மெல்லச் சொன்னார்.

"கை கட்டிக்கிட்டுப் பேசுங்க, சார். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்."

அவர் கைகளைக் கட்டினார். "மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களே" என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. வலது கை நழுவி வெளியே வரப் பார்த்தது. இழுத்து இடுக்கிக்கொண்டார். மீண்டும் "மதிப்பிற்குரிய" என்றார்.

"ஏட்டி, சார் மறந்துட்டாரு பாரு" என்று முன்வரிசையில் ஒருத்தி கிசுகிசுத்தாள். சிரிப்பு பின்வரிசை வரை போயிற்று.

எப்படியோ நன்றி சொல்லி முடித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அங்கயற்கண்ணி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ஜெசிந்தாவின் முறை வந்தது.

"தாமிரபரணியைப் பற்றிச் சொல்லும்மா" என்றார் தாளாளர்.

அவள் கை கட்டி நின்றாள். உதடு அசைந்தது. குரல் வரவில்லை. தாளாளர் அங்கயற்கண்ணியைப் பார்த்தார். அங்கயற்கண்ணி வேதமாணிக்கத்தைப் பார்த்தார்.

"கையை எடுத்திரு தாயி" என்றார் வேதமாணிக்கம். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "நடந்துக்கிட்டே சொல்லு."

ஜெசிந்தா ஒரு அடி வைத்தாள்.

"இந்த மேடைதான் பொதிகை மலை. இங்கே பிறக்குது."

படியிறங்கி வரிசைகளுக்கு நடுவே வந்தாள். வலப்பக்கம் இருந்தவளின் தோளைத் தொட்டாள். "இது மணிமுத்தாறு. வந்து சேரும்." அவள் சட்டென்று எழுந்து பின்னால் வந்தாள். இடப்பக்கம் ஒருவனை ஜெசிந்தா தொட்டாள். "கடனாநதி." அவனும் எழுந்தான். பச்சையாறு வந்தது. திருநெல்வேலி வந்தது. "சிற்றாறு" என்றபோது, "நான், நான்" என்று நாலு பேர் கை நீட்டினார்கள்.

அவள் குரல் இப்போது கடைசி வரிசைக்கும் கேட்டது. பின்னால் பிள்ளைகள் பெருகிக்கொண்டே வந்தார்கள். எல்லாரும் சேர்ந்து வாசலைத் தாண்டி வெளியே போனார்கள்.

"எங்கே போறா?" என்று தாளாளர் எழுந்தார்.

வெளியிலிருந்து ஜெசிந்தா கத்தினாள்: "புன்னைக்காயல்! கடல் வந்திருச்சு, ஐயா!"

முற்றத்தில் கைதட்டல் வெடித்தது. தாளாளரும் தட்டினார். "டிசி பேச்சை விட்டிருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்க வெளியே போனார்.

வெறிச்சென்றிருந்த மண்டபத்தில் வேதமாணிக்கம் நின்றார்.

"டீச்சர், நாளையிலிருந்து எல்லாப் பிள்ளைங்களும் நடக்கணும்னு கேட்டா?"

அங்கயற்கண்ணி ஒரு பெஞ்சின் ஓரத்தைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க, சார். நகர்த்திப் போடுவோம்."