நிழல் மரியாதை

அத்திமரத்தடியில் அன்று இருந்தவர்கள்: பெருச்சாளி ஒன்று, ஆமை ஒன்று, முயல் இரண்டு, கௌதாரி மூன்று, கீழ்க்கிளையில் அணில் ஒன்று, அதன் குட்டிகள் இரண்டு. மொத்தம் பத்து. ஓணான் ஒன்றும் வந்தது. அது உட்காராமல் நின்றபடியே போய்விட்டதால் கணக்கில் சேராது.

அந்தக் காட்டில் உட்கார்ந்தால்தான் கணக்கு. யாருடைய மரத்து நிழலில் ஒருவர் உட்கார்ந்தாலும், மரத்துக்காரர் ஒரு நிலக்கடலை கொடுக்க வேண்டும். அதற்கு நிழல் மரியாதை என்று பெயர்.

அணிலின் பெயர் வரிச்சி. அறுவடை முடிந்த கடலைக்காட்டில் அது நாளொன்றுக்கு ஐந்து கடலை பொறுக்கும். குட்டிகளுக்கு இரண்டு, தனக்கு ஒன்று, விருந்தாளிகளுக்கு இரண்டு. ஆனால் அத்தி நிழல் நல்ல நிழல். தினமும் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். இல்லை என்று சொல்ல வரிச்சிக்கு வாய் வரவில்லை. குறைந்ததையெல்லாம் களஞ்சியம் என்ற அந்தப் பெருச்சாளியிடம் கடன் வாங்கியது.

"வாங்கியது எழுபது, தங்கச்சி. ஐந்துக்கு ஒன்று வட்டி, பதினாலு. ஆக எண்பத்து நாலு" என்றது களஞ்சியம். "இன்றிலிருந்து நாற்பதாம் நாள் சாயங்காலம் எண்ணி வைத்துவிடு. இல்லாவிட்டால் இந்த அடிமரப் பொந்தை எனக்குக் காலி செய்து கொடு. மழையில் என் வளை நிறைந்துவிடுகிறது."

மழை வந்தால் குட்டிகளுக்கு அந்தப் பொந்தை விட்டால் வேறு இடம் கிடையாது. வரிச்சி ஒப்புக்கொண்டது. எண்ணிப் பார்க்கும் பொறுப்பை ஆமையிடம் கொடுத்தார்கள். ஆமைக்குப் பல் இல்லை. யாரிடமும் ஒரு கடலைகூட வாங்காத ஒரே ஆள் அதுதான்.

மறுநாள் முதல் வரிச்சி தன் பங்குக் கடலையைத் தின்பதை நிறுத்தியது. உதிர்ந்து கிடந்த அத்திப்பழம் வயிற்றுக்குப் போதும் என்று வைத்துக்கொண்டது. விருந்தாளிகளில் முதல் இருவருக்கு மரியாதை நடந்தது. மூன்றாவதாக யாராவது வந்தால், பொந்துக்குள் போய்த் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டது. இப்படிப் பத்து நாளில் பத்துக் கடலை சேர்ந்தது.

சேர்ந்ததை அணில்கள் எப்போதும் செய்கிறபடி செய்தது. ஆளுக்கொரு பக்கம் சொந்தக்காரர்களைக் குடிவைப்பதுபோல, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று மண்ணில் புதைத்தது. பத்தாம் நாள் மாலை தோண்டிப் பார்த்தபோது ஆறுதான் கிடைத்தது. மீதி நாலும் போன இடம் தெரியவில்லை. அன்று களஞ்சியத்தின் மீசையில் ஈரமண் ஒட்டியிருந்தது மட்டும் தெரிந்தது.

வரிச்சி அழவில்லை. கணக்குப் போட்டது. இன்னும் வேண்டியது எழுபத்தெட்டு. இருக்கும் நாள் முப்பது. ஒரு நாளைக்கு ஒன்று போதாது, இரண்டும் போதாது. மூன்று வேண்டும். மூன்று எங்கிருந்து வரும் என்று தேட வேண்டியதே இல்லை. தன் பங்கு ஒன்று ஏற்கெனவே மிச்சம்; மற்ற இரண்டும் விருந்தாளிகளின் வாயில் இருந்தன.

குளத்தோரக் கருவேல மரத்தில் தூக்கணாங்குருவி விட்டுப்போன கூடு ஒன்று தொங்கியது. கொப்பு மெலிசு. அணில் போகலாம், பெருச்சாளி போனால் முறியும். ஆறு கடலையையும் அந்தக் கூட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வரிச்சி மரத்தடிக்கு வந்து எல்லாரிடமும் தயங்கித் தயங்கிச் சொன்னது: கடன் தீரும்வரை இந்த நிழலில் கடலை கிடையாது.

முயல்கள் உடனே எழுந்து போயின. கௌதாரிகள் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே போயின. ஐந்து நாள் நிழல் காலியாகக் கிடந்தது. அந்த ஐந்து நாளும் வரிச்சிக்குத் தலை நிமிரவில்லை. ஆனால் கூட்டில் பதினைந்து கடலை ஏறியது.

களஞ்சியம் சும்மா இருக்கவில்லை. அக்கரை மைனாக்களிடம் போய், அத்திமரத்தில் மரியாதை பலமாக நடக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தது. ஆறாம் நாள் பன்னிரண்டு மைனாக்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பன்னிரண்டு என்றால் நாலு நாள் சேமிப்பு.

"என்ன அணிலக்கா, இந்த ஊரில் நிழலுக்கும் வாடகை வந்துவிட்டதா? எங்கள் கை வெறுமையாக இருக்கிறதே" என்றது ஒரு மைனா. மற்றவை சிரித்தன.

பின்னால் நின்ற களஞ்சியம் மெதுவாக, "நான் பன்னிரண்டு தருகிறேன், தங்கச்சி. மானம் பெரிது" என்றது.

வரிச்சி கிளையின் நுனிக்கு வந்தது.

"வாடகை இல்லை. கடலையும் இல்லை. அத்திப்பழம் கிடக்கிறது, வயிறு நிறையச் சாப்பிடுங்கள். கடன் வாங்கி நான் உங்களுக்குக் கடலை கொடுத்தால், அது களஞ்சியம் அண்ணன் செய்யும் மரியாதை. என்னுடையது ஆகாது."

மைனாக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு பழம் தின்றன. கடலையைவிட இது நன்றாக இருக்கிறதே என்றுகூட ஒன்று சொன்னது. மறுநாள் முயல்கள் அறுகம்புல்லை வாயில் கவ்விக்கொண்டு திரும்பி வந்தன. அதற்கடுத்த நாள் கௌதாரிகளும் வந்தன. நிழல் வேண்டியவர்கள் நிழலுக்கே வந்தார்கள்.

நடுவில் இரண்டு நாள் விடாத மழை. கடலைக்காட்டுக்குப் போக முடியவில்லை. களஞ்சியம் நனைந்துகொண்டே வந்து, பத்துக் கடலை வாங்கிக்கொள், குழந்தைகள் பட்டினி கிடக்கலாமா என்று கரிசனமாகக் கேட்டது. வரிச்சி நன்றி சொல்லி அனுப்பிவிட்டுக் கூட்டிலிருந்து நாள் ஒன்றுக்கு இரண்டாக நாலு கடலை எடுத்தது. எடுத்ததையும் எண்ணி வைத்துக்கொண்டது.

நாற்பதாம் நாள் சாயங்காலம் கூட்டை அவிழ்த்துக் கொட்டினார்கள். ஆமை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணியது. முதலில் இருந்தது ஆறு. இருபத்தெட்டு நாளில் வந்தது எண்பத்து நாலு. மழையில் போனது நாலு. இருப்பு எண்பத்தாறு.

எண்பத்து நாலைக் களஞ்சியத்தின் பக்கம் தள்ளிய ஆமை, "தீர்ந்தது" என்றது.

களஞ்சியம் மறுபடி ஒரு முறை தானும் எண்ணிப் பார்த்தது. நேரமானதால் கால் கடுத்து அப்படியே நிழலில் உட்கார்ந்துவிட்டது.

அதைப் பார்த்த வரிச்சி இறங்கி வந்தது. மீதி இருந்த இரண்டில் ஒன்றை எடுத்து அதன் முன்னால் வைத்தது.

"இது எதற்கு?" என்றது களஞ்சியம். "கணக்குச் சரியாக இருக்கிறதே."

"இது கணக்கு இல்லை, அண்ணே. நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். இது என் மரியாதை."

களஞ்சியம் மீசையைத் துடைத்துக்கொண்டது. கடலையைக் கவ்விக்கொண்டு தன் வளைக்குப் போனது.

அன்றாடம் கொஞ்சம் குறைத்து, குறைத்ததை ஓரிடத்தில் எண்ணி வைப்பவரின் கடன் தீரும், அதன்பிறகு அவர் கொடுப்பதுதான் அவருடைய கொடை.

அன்று வரிச்சியிடம் மீதி இருந்தது ஒரே ஒரு கடலை. உடைத்தபோது உள்ளே பருப்பு இரண்டு. குட்டிகளும் இரண்டு.