பார்க்காத மூன்று அம்பாரம்

“ஏழு ஆபீஸ் ஏறி இறங்கிட்டேன் மேடம். யாரும் மார்க் ஷீட்டைப் பாக்கல. என் முகத்தைத்தான் பாக்குறாங்க.”

சொன்னவள் செண்பகவல்லி. வயது முப்பத்தொன்பது. தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டே சி.ஏ. படித்தவள். இரண்டாம் கட்டத்தை நான்காவது முயற்சியில் தாண்டியிருந்தாள். இனி ஒரு ஆடிட்டரிடம் இரண்டு வருஷம் பயிற்சி எடுத்தால்தான் கடைசிப் பரீட்சை எழுத முடியும்.

எதிரே இருந்தவள் ஆடிட்டர் ஹெப்சிபா. வயது முப்பத்தொன்று.

“முகத்துல என்ன பாக்குறாங்க?”

“வயசை. டீ வாங்கிட்டு வான்னு உங்களை எப்படிச் சொல்றதுன்னு ஒருத்தர் கேட்டார்.”

“நானும் உங்களைவிடச் சின்னவதான். நான் சொன்னா கேப்பீங்களா?”

“சரியா இருந்தா கேப்பேன்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எட்டாவது இடமும் போச்சு என்று நினைத்தாள்.

ஹெப்சிபா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

“இன்னிக்கு மார்ச் முப்பத்தொண்ணு. ஒரு உப்பளத்துல கையிருப்பு பாக்கணும். வாங்கக்கா.”

உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. முதலாளி ஜெயபாண்டி அண்ணாச்சி வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். ஹெப்சிபாவின் ஆபீஸ் வாடகை அவர் தரும் ஃபீஸில்தான் ஓடியது.

“மொத்தம் இருபத்துநாலு அம்பாரமா உப்பு குவிச்சிருக்கு. லிஸ்ட் ரெடியா இருக்கு. முந்தின ஆடிட்டர் ஃபேனுக்கு அடியிலயே உக்காந்து எழுதிட்டுப் போயிருவார்.”

ஹெப்சிபா ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துச் செண்பகவல்லியிடம் நீட்டினாள்.

“பாத்துட்டு வாங்க.”

“எப்படிப் பாக்கணும் மேடம்?”

“கண்ணால.”

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க உப்பளத்துக் கணக்கப்பிள்ளை கூட வந்தார். நான்கு அம்பாரம் அளந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“மிச்சம் எல்லாம் இதே சைஸ்தாம்மா. எழுதிக்கோ.”

“அதையும் அளந்துருவோம் சார்.”

பத்தாவதில் அவர் முனகினார். பதினைந்தாவதில் பேசுவதை நிறுத்தினார். இருபத்தொன்றாவதை முடித்தபோது வழி நின்றுபோயிருந்தது. வரப்பு உடைந்து, முழங்கால் அளவு உப்புத் தண்ணீர். அதற்கு அப்பால் தார்ப்பாய் போட்டு மூடிய மூன்று மேடுகள்.

“என் காலெல்லாம் வெடிப்பு. அதுல இறங்குனா உசுரு போயிரும். நான் வரல” என்றார் கணக்கப்பிள்ளை.

டேப்பை ஒற்றை ஆளாகப் பிடிக்க முடியாது. செண்பகவல்லி தார்ப்பாய்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தாளில் ஏதோ எழுதினாள்.

அவர் எட்டிப் பார்த்தார்.

“இருபத்துநாலுன்னு போடும்மா. வீணா உன் வேலை போயிரப் போவுது.”

“வேலை இன்னும் கிடைக்கவே இல்ல சார்.”

திரும்பி வந்து தாளை மேஜையில் வைத்தாள்.

ஹெப்சிபா படித்தாள். “இருபத்தொண்ணுக்கு அளவு இருக்கு. கடைசி மூணுக்கு ‘பார்க்கவில்லை’ன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா மேடம். வரப்பு உடைஞ்சு முழங்கால் தண்ணி நிக்குது. டேப்பைப் பிடிக்க ஆள் வரல.”

“அந்த மூணும் இருக்கா, இல்லையா?”

“தெரியாது.”

“இருக்கும்னு தோணுதா?”

“தோணுது. ஆனா தார்ப்பாயைத்தான் பாத்தேன். உப்பைப் பாக்கல.”

அண்ணாச்சியின் முகம் சிவந்தது.

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

செண்பகவல்லி தாளைப் பார்த்தாள். ஆறு வருஷம் விடியுமுன் எழுந்து படித்த படிப்பு. ஒரு வார்த்தையை அடித்துவிட்டால் போதும். பேனா மேஜைமேல்தான் கிடந்தது.

“இல்லண்ணாச்சி. நீங்க சொல்றது நிஜமாத்தான் இருக்கும். ஆனா நான் பாக்கல.”

“ஆடிட்டரம்மா! யாரு இவங்க? எங்கிருந்து கூட்டிட்டு வந்தீங்க?”

ஹெப்சிபா எழுந்தாள். குனிந்து செருப்பைக் கழற்றினாள். சுடிதார் காலை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள்.

“டேப்பை எடுங்கக்கா.”

இருவரும் உடைந்த வரப்புவரை நடந்துபோய்த் தண்ணீரில் இறங்கினார்கள். பாதத்தில் இருந்த சிறுசிறு கீறலெல்லாம் எரிந்தது. செண்பகவல்லி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். அடியில் சேறு வழுக்கியது. ஒரு தடவை ஹெப்சிபா தடுமாற, செண்பகவல்லி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

தார்ப்பாயை விலக்கினார்கள்.

உப்பு. தும்பை மாதிரி வெள்ளை உப்பு.

ஒருத்தி ஒரு முனை, இன்னொருத்தி மறுமுனை. நீளம், அகலம், உயரம். மூன்று அம்பாரமும் இருந்தன. அளவும் லிஸ்டில் இருந்தபடியே இருந்தது.

திரும்பி வந்தபோது இருவர் காலிலும் உப்புப் பூத்திருந்தது. அண்ணாச்சி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நான்தான் சொன்னேன்ல, இருக்குன்னு? காலைப் புண்ணாக்கி என்னத்தைக் கண்டீங்க?”

ஹெப்சிபா மேஜையில் இருந்த தாளில் மூன்று அளவையும் எழுதி, அதைச் செண்பகவல்லியின் பக்கம் நகர்த்தினாள்.

“அளந்தது யாருன்னு எழுதுங்கக்கா.”

பேனா தாளின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு செண்பகவல்லி தன் பெயரை எழுதினாள். சுருக்காமல், ஒவ்வோர் எழுத்தாக, முழுசாக.

அதன் கீழே ஹெப்சிபா கையெழுத்துப் போட்டாள்.

பிறகுதான் நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தாள்.

“இதுவரைக்கும் இருக்குன்னு நீங்க சொன்னீங்க அண்ணாச்சி. இப்ப நாங்க சொல்றோம்.”