உதிர்ந்த அடிக்கோடு

கோவை கணபதியில், இயந்திரக் கையேடுகளைக் கணினியில் அச்சுக்கோர்த்துக் கொடுப்பவள் மரகதம். அவளிடம் தொழில் கற்க வந்தவர் நஞ்சப்பன். அவளுக்கு முப்பத்து நாலு வயது, அவருக்கு ஐம்பத்திரண்டு. ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அன்று மத்தியானம் லேத் பட்டறைக்காரி சுப்பாத்தாள் ஒரு இரும்பு ஷாப்டை மேஜை மேல் டமாரென்று வைத்தாள்.

“எவனுங்க இந்தக் கையேட்டை அடிச்சது? இருபத்தஞ்சு எம்.எம். இருக்கலாம், கம்மியாவும் இருக்கலாம்னு கம்பெனி இன்ஜினியர் எழுதிக் குடுத்தாரு. அச்சுல இருபத்தஞ்சுக்குக் கம்மின்னு மட்டும் வந்திருக்குது. அவரு சொன்னபடி சரியா இருபத்தஞ்சுல கடைஞ்ச நாப்பது ஷாப்டையும், அச்சப் பாத்துட்டு கம்பெனி இன்ஸ்பெக்டர் தள்ளிட்டாரு. அடிச்சவங்க தப்புன்னு நாலு மணிக்குள்ள கடுதாசி வந்தாத்தான் எடுப்பாராம். இல்லீன்னா அத்தனையும் காயலான் கடைக்கு!”

மரகதம் கணினியில் அந்தக் கையேட்டின் கோப்பைத் திறந்து பார்த்தாள். சமம் அல்லது குறைவு என்பதற்கு ‘≤’ என்று ஒரே குறியாகப் போட வேண்டிய இடம். அதைத் தேடி எடுக்கச் சோம்பல்பட்டு, நஞ்சப்பன் கீபோர்டில் இருக்கிற ‘<’ அடித்து அதற்கு அடிக்கோடு போட்டிருந்தார். கம்பெனிக்காரர்கள் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றியபோது கோடு மட்டும் உதிர்ந்துவிட்டது.

நஞ்சப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் பிரிண்ட் எடுத்தப்ப சரியாத்தான இருந்துச்சு? மாத்தினவன் கோட்டைத் தொலைச்சா அதுக்கு நானா பொறுப்பு? பார்க்க ரெண்டும் ஒண்ணுதானே, அப்படி என்ன பெரிய வித்தியாசம் டீச்சர்?”

மரகதம் ஷாப்டை எடுத்துச் சுப்பாத்தாளிடம் நீட்டினாள்.

“அக்கா, கடையறப்ப அளவு குறைஞ்சு போச்சுன்னா, மேல பெயின்ட் அடிச்சு ஏத்திக் குடுப்பீங்களா?”

சுப்பாத்தாளுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன பேச்சுங்க இது? மெஷின் ஓடினா ஒரே நாள்ல உரிஞ்சிரும். எவன் கையாவது போகும்! அந்தப் பொழப்புக்குப் பட்டறைய இழுத்துச் சாத்திருவனுங்க.”

“அளந்து பார்த்தா சரியாத்தானே இருக்கும்?”

“அளக்கறதுக்காங்க கடையறோம்?”

நஞ்சப்பன் பிடரியைச் சொறிந்தார். மணி மூன்றேகால். ஒரு வெள்ளைத்தாளை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார்.

“சரி, கடுதாசிய எழுதறேன். கோப்பை மாத்தினவன் தப்புன்னு எழுதிரட்டுமா டீச்சர்?”

“எழுதுங்க நஞ்சப்பண்ணா. முடிச்சதும் இந்தக்கா மூஞ்சியப் பார்த்து ஒரு தடவை சத்தமா வாசிங்க.”