மழைக்கு யார் சொந்தக்காரர்?

முன்னொரு காலத்தில் கள்ளிமங்கலம் என்ற வறண்ட சீமையைக் கடம்பவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது அவனுக்கு.

ஒரு கோடையில் வேட்டைக்குப் போன இடத்தில் தாகம். வழியில் சுடலைமுத்து என்ற வண்டிக்காரன் வீட்டில் தண்ணீர் கேட்டான். கூரையில் விழும் மழையை முற்றத்துக் குழியில் இறக்கிச் சேர்த்துவைத்த தண்ணீர் அது. "அரண்மனைக் கிணற்றில்கூட இந்த ருசி இல்லையே" என்று இரண்டு செம்பு குடித்தான்.

கூட நின்ற திருமேனியாருக்கு வயிறு எரிந்தது. அரண்மனைக் கிணற்றுக்கு அதிகாரி அவர்தான். ஊர் திரும்பியதும், ராஜா தாயம் உருட்டும் நேரமாகப் பார்த்துப் பேச்செடுத்தார்.

"மகாராஜா, இந்தச் சீமையில் பெய்கிற மழை உங்களுடையது. கண்டவன் குழி வெட்டிப் பிடித்துவைத்தால் அது அரசாங்கத் திருட்டுதானே?"

"அப்படியா? சட்டம் போட்டுவிடும்" என்றான் ராஜா, காயிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சேவகர்கள் வீடு வீடாகக் குழிகளை மண் போட்டு மூடினார்கள். பெண்கள் ஊருக்கு வெளியே இருந்த உப்புக் கிணற்றுக்குக் குடத்தோடு நடக்க வேண்டியதாயிற்று. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. போக்கிடம் இல்லாத கூரைத் தண்ணீர் சுடலைமுத்து வீட்டு மண்சுவரை ஒட்டி மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் சுவர் அவன்மேல் விழுந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் மனைவி பேச்சாயி சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, என் புருஷனைக் கொன்றது யார் என்று தெரியவேண்டும். திருமேனியாரே சொல்லட்டும். ஐயா, என் கூரையில் விழுந்த மழை யாருடையது?"

"மகாராஜாவுடையது. அதுதான் சட்டம்."

"அந்தத் தண்ணீர்தான் சுவரைத் தள்ளியது. அப்படியானால் கொன்றது மகாராஜாவா?"

திருமேனியார் அவசரமாகக் கைகூப்பினார். "அபசாரம். மழை ஆண்டவன் விட்டது. அதற்கு மகாராஜா எப்படிப் பொறுப்பாவார்?"

"ஆண்டவன் விட்டதைப் பிடித்துவைத்தால் அரசாங்கத் திருட்டு எப்படி ஆகும், ஐயா?"

 

ராஜா சட்ட ஓலையை அங்கேயே கிழித்தான். திருமேனியாரின் பதவியைப் பறித்து, "இவள் வீட்டுக் குழியை உன் கையாலேயே தோண்டிக் கொடு" என்றான். பிறகு பேச்சாயியிடம், "உன் புத்தியை மெச்சினேன். என்ன வேண்டும், கேள்" என்றான்.

"நான் இன்றைக்குக் கேட்டதை நீங்கள் அன்றைக்கே அவரிடம் கேட்டிருக்கலாம், மகாராஜா" என்றாள். வேறொன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

திருமேனியார் கை கொப்பளிக்க எட்டு நாள் தோண்டினார். அடுத்த மழையில் குழி ததும்பியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து மொண்டுபோனார்கள். பேச்சாயி மட்டும், சுவரைத் தள்ளிய அந்தத் தண்ணீரைத் தொடாமல், உப்புக் கிணற்றுக்கே குடத்தோடு நடந்தாள்.