காக்கை தூக்கிப்போன காய்

“பாதியில நிக்கிற ஆட்டத்தை எப்படிங்கம்மா பத்திரமா வைக்கிறது?”

பொன்னுரங்கம் கேட்டார்.

மரகதம்மாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மகள் வயதுதான். ஆனாலும் குரு குருதான். அவளைத் தேடித்தான் அவர் இந்த மடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

“கையில என்னங்கய்யா?”

“சோறுங்க.”

“கழுவிட்டு வாங்க.”

அவர் கழுவப் போகவில்லை. கை கழுவுகிற நிலையிலா இருந்தார்?

மடம் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே இருந்தது. உள்ளே நோயாளி படுத்திருக்க, வெளியே காத்திருக்கும் சொந்தபந்தங்கள் அங்கே தங்குவார்கள். காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகவேண்டுமே. தாயம் ஆடுவார்கள்.

மனதை ஓரிடத்தில் நிறுத்த வழி கேட்டு வந்தவரிடம், “ஆட்டக் காய்களை எடுத்து வைங்க” என்று மட்டும் சொல்லியிருந்தாள் மரகதம்மாள்.

பொன்னுரங்கம் பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். சொல்ல வேண்டுமா? காலி மாத்திரை டப்பாக்களைச் சேர்த்தார். புளியங்கொட்டைக்கு ஒன்று, சோழிக்கு ஒன்று, சட்டைப் பொத்தானுக்கு ஒன்று. வளையல் துண்டில் சிவப்புக்கும் பச்சைக்கும் தனித்தனி டப்பா. ஒரு பொத்தான் குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. மற்றவர்கள் ஆடும்போது காய் எங்கே உருண்டு ஓடிவிடுமோ என்று பக்கத்திலேயே நிற்பார். அவர் மட்டும் ஒருநாளும் ஆடியதில்லை.

அன்று காலை பாவாயி என்கிற பெண் ஆடிக்கொண்டிருந்தாள். அவள் புருஷனுக்கு அன்றைக்கு ஆபரேஷன். ஆட்டத்தின் நடுவே ஆஸ்பத்திரி ஆள் வந்து கூப்பிட்டார்.

“ஐயா, கலைச்சுராதீங்க” என்றாள். சிவப்பு வளையல் துண்டு ஒன்றைக் காட்டினாள். “அது என் காய். ஒரே ஒரு தாயம் விழுந்தாக் கரையேறிப் பழமாயிரும். பழமானா அவரு பொழச்சுக்குவாருன்னு நெனச்சு ஆடுனேன். நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கோணும்.”

“நான் பாத்துக்கறேன். தைரியமாப் போங்க.”

சொல்லிவிட்டார். அதன் பிறகு அவருக்குத்தான் தைரியம் இல்லை.

தரையில் இருந்தால் யாராவது மிதிப்பார்கள். தாயப் பலகையை அலுங்காமல் தூக்கி ஜன்னல் மேடையில் வைத்தார். அங்கே காற்று. காய் நகர்ந்துவிட்டால்? யோசித்தார். பழைய சோற்றில் ஒரு பிடி எடுத்து மசித்து, ஒவ்வொரு காயையும் இருந்த இடத்திலேயே ஒட்டினார். பெருமையாகக்கூட இருந்தது.

சோற்றைப் பார்த்தால் காக்கை சும்மா இருக்குமா? ஒரே பாய்ச்சல். பலகை கவிழ்ந்தது, காய்கள் சிதறின. காக்கை பறந்தபோது அதன் அலகில் சோற்றோடு சிவப்பாக ஒன்று இருந்தது.

சோறு வைத்தாயிற்று, காக்கையும் வந்து எடுத்தாயிற்று. எதற்காக அப்படி வைப்பார்கள் என்பது, மனைவி போனதிலிருந்து அமாவாசை தவறாமல் வைக்கிறவருக்குத் தெரியாதா? அங்கே ஒரு மனுஷன் கத்தியின் கீழ் படுத்திருக்கிறான்.

இதையெல்லாம் குருவிடம் சொல்லி முடித்தார்.

“காக்கா சாப்பிட்டுச்சுங்களா?” என்றாள் மரகதம்மாள்.

“சாப்பிட்டுருச்சுங்கம்மா.”

“சரி.” அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

“அந்தப் புள்ள வந்தா என்னன்னு சொல்றது?”

“என்ன நடந்துச்சோ, அதை.”

“அதை எப்படிங்க சொல்றது?”

அவள் உரித்த வெங்காயத்தை அள்ளிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பொன்னுரங்கம் கூடத்துக்குத் திரும்பினார். சிவப்பு டப்பாவைத் திறந்து வேறொரு வளையல் துண்டை எடுத்தார். பழத்துக்கு முந்திய கட்டத்தில் வைத்தார். மற்ற காய்களைக் குத்துமதிப்பாக வைத்தார். பார்த்தால் குறையே தெரியாது. ஆனாலும் பலகையைவிட்டு அவர் நகரவில்லை. மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் பாவாயி வந்தாள்.

“என்னாச்சுங்கம்மா?”

“ஆபரேசன் முடிஞ்சுதுங்க. கண்ணு இன்னும் முழிக்கல. காலையிலதான் எதுவும் சொல்ல முடியுமாம்.”

பலகையைப் பார்த்தாள். அவள் முகம் வாடிப்போனது.

“அப்படியேவா இருக்குது?”

பொன்னுரங்கம் டப்பாக்களை அடுக்கத் தொடங்கினார்.

“கலைஞ்சு போயிருக்கோணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேனுங்க” என்றாள் பாவாயி. பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். “இந்தக் காய் இங்க வரவே இல்லீங்கய்யா. கூட ஆடுனவ தண்ணி குடிக்கப் போனப்ப நான்தான் தள்ளி வெச்சேன். கள்ளத்தனமா வெச்ச காயை நம்பி அவரு உசுரக் கேட்டிருக்கறேன். அதுக்குத்தான் சாமி அவரக் கண்ணு முழிக்க விட மாட்டேங்குதோ என்னமோ.”

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

“அது உங்க காயே இல்லீங்கம்மா” என்றார் பொன்னுரங்கம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க காயக் காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு. நான்தான் சோறு வெச்சு ஒட்டுனேன். சோத்தோட கொண்டுபோயிருச்சு.”

அழுவாள், சபிப்பாள், என்ன வேண்டுமானாலும் செய்வாள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

பாவாயி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

“போகட்டும்” என்றாள்.

பிறகு பலகை முழுவதையும் ஒரே வீச்சில் கையால் வழித்தாள். தடுக்கப்போன பொன்னுரங்கத்தின் கை பாதியில் நின்றது.

அவள் ஒரு புளியங்கொட்டையைப் பொறுக்கிப் பலகைக்கு வெளியே வைத்தாள்.

“உக்காருங்கய்யா. விடியறதுக்கு இன்னும் நெறைய நேரம் கெடக்குது.”

“நானுங்களா?”

“ரெண்டு பேருக்கும் தாயம் விழுந்தாத்தான் உள்ள வரோணும். நீங்களே மொதல்ல உருட்டுங்க.”

அவர் உட்கார்ந்தார். பொத்தான் டப்பாவைத் திறந்து, தேடாமல், கைக்கு வந்ததை எடுத்து வைத்தார். விரலிடுக்கில் காய்ந்திருந்த சோறு வேர்வையில் மறுபடி பிசுபிசுத்தது. தாயக்கட்டைக்குக் கையை நீட்டினார்.

அடுப்பங்கரையிலிருந்து மரகதம்மாளின் குரல் வந்தது.

“ஐயா, இப்பவாவது கையைக் கழுவிட்டு வாங்க. கட்டை கையிலயே ஒட்டிக்கும். உருளாது.”