குளிக்கலாம் என்ற பலகையும் செத்த மீன்களும்

இந்தக் கதையைக் கோபத்தோடுதான் சொல்லப்போகிறேன். நிதானமாகச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் விவரம் எதையும் ஒளிக்க மாட்டேன். யோசித்து விடை சொல்ல வேண்டியது நீங்கள்.

மலையடிவாரத்தில் புலிக்கரை என்றொரு பேரூர். ஊர் நடுவே ஓடுகிற ஓடையில் ஒரு படித்துறை. சீசனுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் குளிப்பது அங்கேதான். படித்துறைக்குக் கீழே கூப்பிடு தூரத்தில் ஆழமான ஒரு மடு இருக்கிறது. அதில் மீன் பிடிக்கும் குத்தகை சுடலைவடிவு என்ற பெண்ணுடையது. புருஷன் இறந்த பிறகு, அவளும் அவளுடைய இரண்டு பெண்களும் அந்த மடுவின் கெண்டையையும் கெளுத்தியையும் நம்பித்தான் சாப்பிட்டார்கள்.

போன வருடம் ஓடைத் தண்ணீரில் சாக்கடைக் கிருமி இருக்கிறதென்று 'குளிக்கத் தடை' பலகை வைத்துவிட்டார்கள். சாக்கடையை ஓடையில் விடுவது யார்? படித்துறையை ஒட்டிய லாட்ஜுகள். அவற்றில் பெரிய லாட்ஜ் யாருடையது? பேரூராட்சித் தலைவர் வீரபாகுவுடையது. குழாயைத் திருப்பிவிட அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. பலகை மட்டும் மாற வேண்டுமாம். "இந்த சீசனுக்குப் பலகை மாறலன்னா நீ இந்த ஊர்ல இருக்க மாட்ட" என்று சுகாதார ஆய்வாளர் குமரகுருவிடம் சொல்லிவிட்டார்.

தண்ணீரைச் சோதிக்க மாவட்ட ஆய்வகத்திலிருந்து ஜெபராணி வந்தாள். வருவதை முதல் நாளே போனில் சொல்லிவிடுவது அவர்கள் வழக்கம். மரியாதையாம். கிருமிச் சோதனைக்கான பாட்டிலில் ஒரு சிட்டிகை மருந்து உப்பு போட்டுக் கொண்டுவருவதும் வழக்கம். குழாய்த் தண்ணீர் எடுப்பதற்காக ஏற்பட்ட பழக்கம் அது. ஓடைக்கும் அதே பாட்டிலைத்தான் கொண்டுவந்தாள்.

அன்று காலை தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. தடைப் பலகையை மதிக்காமல் குளித்துவிட்டுக் கரையேறிய வெளியூர்க்காரர் ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "என்ன சார், தண்ணி இப்படி எரியுது?" என்றார். அவர் தோளில் கிடந்த சிவப்புத் துண்டு திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. "மூலிகை மலைத் தண்ணி சார், அப்படித்தான் இருக்கும்" என்றார் குமரகுரு. கூசாமல் சொன்னார். ஜெபராணி மூக்கைச் சுளித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பாட்டிலை நிரப்பி மூடி, ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் மடுவில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நண்டுகள் தண்ணீரைவிட்டு வெளியேறிக் கரைப்பாறையில் ஒண்டிக் கிடந்தன. படித்துறைக்கு மேலே, பாலத்தடியில், அதே ஓடையில் குஞ்சு மீன்கள் எப்போதும்போல் இறங்கியவர்களின் காலைக் கடித்து விளையாடின.

ஆய்வக முடிவு வந்தது. கிருமி இல்லை. 'குளிக்கலாம்' என்று பச்சைப் பலகை ஏறியது. மீன் செத்த சேதி கேட்டு, அதே பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஜெபராணி சோதித்துப் பார்த்தாள். அதில் மீனைக் கொல்லக்கூடிய எதுவும் இல்லை.

தண்ணீரில் குறை இல்லையென்றால் குறை யாரிடம்? பழி சுடலைவடிவின் தலையில் விழுந்தது. மருந்து கலந்து மொத்தமாக மீன் பிடிக்கப் பார்த்தாளாம். பேரூராட்சிக் கூட்டத்தில் அவளை நிற்க வைத்து விசாரித்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் நாற்காலி.

"நான் சோதித்த தண்ணீரில் விஷம் இல்லை" என்றாள் ஜெபராணி.

"மக்கள் குளிக்கிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டிய ஏற்பாட்டைத்தான் நான் செய்தேன்" என்றார் குமரகுரு.

"என் வயித்துல நானே மண்ணள்ளிப் போடுவனாய்யா? நான் ஒண்ணும் கலக்கல" என்றாள் சுடலைவடிவு.

வீரபாகு பெரிய மனசு பண்ணுவதுபோல் சிரித்தார். "செஞ்சது நான்தான், மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. மடு உன்கிட்டயே இருக்கட்டும். சொல்லலன்னா குத்தகை ரத்து."

சுடலைவடிவு வாசலில் நின்றுகொண்டிருந்த தன் இரண்டு பெண்களையும் பார்த்தாள். "செய்யாததச் செஞ்சேன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். குத்தகை அங்கேயே ரத்தானது.

கூட்டத்தில் இந்த மூவர் சொன்னதிலும் பொய் இல்லை. அப்படியானால் மீனைக் கொன்றது எது? கிருமிகூட இல்லாத தண்ணீரில் மீன் எப்படிச் செத்தது? பெண்களைப் பட்டினி போடத் துணிந்த சுடலைவடிவு, தன் பாட்டிலை நம்பிய ஜெபராணி, மேலிடத்துச் சொல்லுக்குப் பணிந்த குமரகுரு, இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பிளீச்சிங் பவுடர். ஜெபராணி வரும் நாள் தெரிந்ததால், குமரகுரு விடியற்காலையில் பாலத்துக்கும் படித்துறைக்கும் நடுவே மூட்டை மூட்டையாகக் கொட்டச் செய்தார். கிருமியைக் கொன்ற குளோரின்தான் கண்ணை எரித்தது, துண்டை வெளுத்தது, மடுவுக்கு இறங்கி மீனையும் கொன்றது. பாட்டிலில் இருந்த உப்பின் வேலையே குளோரினை முறிப்பது. அது தன் வேலையைச் செய்துவிட்டதால் மிச்சத் தண்ணீரில் ஒன்றும் அகப்படவில்லை. குளிக்கலாமா என்று கேட்பதற்கு எடுத்த பாட்டிலை வைத்து, மீன் ஏன் செத்தது என்பதற்கும் ஜெபராணி பதில் சொன்னாள். உப்பு எதற்கென்று அவளுக்குத் தெரியும். வாசனையும் மூக்கில் ஏறியது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவளைக் குமரகுருவைவிட நல்லவள் என்று நான் சொல்ல மாட்டேன். சரியாக நடந்தவள் சுடலைவடிவு ஒருத்திதான். அதற்குக் கிடைத்த பலனையும் கேளுங்கள். மடு கைவிட்டுப் போன பிறகு பிழைக்க வழியில்லாமல், படித்துறையை ஒட்டிய லாட்ஜ் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறாள். கழுவிய தண்ணீர் எங்கே போகிறதென்று நான் வேறு சொல்ல வேண்டுமா?